மைல்கல்லும் முழக்கோலும்

தமிழ் நாளேடுகளில் இன்று எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரு 'மைல்கல்' கண்ணில் படுகிறது. நூலொன்று வெளிவந்தால் அது இலக்கிய வரலாற்றில் மைல்கல். விளையாட்டு வீரர் ஒருவர் நூறாவது ஆட்டத்தை ஆடினால் அவர் மைல்கல்லை எட்டிவிட்டார். வணிக நிறுவனம் ஒன்று பத்தாவது கிளையைத் திறந்தால் அதுவும் மைல்கல். நம் சமுதாய வெளியீடுகளும் இதற்கு விலக்கல்ல. மதரஸா ஒன்றின் ஆண்டு மலரில், முப்பது பக்கங்களுக்குள் ஏழு மைல்கற்களை எண்ணினேன். மைலுக்கு ஒரு கல் என்பதே முறையாதலின், அம்மலர் ஏழு மைல் நீளமுடையது என்றே கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் தூர அளவைகளை வைத்துப் பிறந்த மரபுத்தொடர்கள் மிகப் பல. அவை தமிழுக்குள் நுழைந்த விதத்தையும், நுழையும்போது எதை இடித்துத் தள்ளிவிட்டு நுழைந்தன என்பதையும் சற்று ஆராய விரும்புகிறேன். பிறமொழிச் சொல் வந்துவிட்டதே என்னும் வெறுப்பினால் இதை எழுதவில்லை. அரபு கற்றுத் தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு அந்த வெறுப்பு பொருந்தவும் பொருந்தாது.

மைல்கல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். மைல் என்பது உரோமருடைய அளவை. ஆயிரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. படைவீரன் நடக்கும் ஆயிரம் இரட்டை அடிகளே ஒரு மைல். அரபியில் இது 'மீல்' ஆயிற்று. உமையாக் கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சிக் காலம் 685–705) சாலைகளில் நாட்டிய கற்களுள் சில கண்டெடுக்கப்பட்டுள்ளன. பைத்துல் முகத்தஸிலிருந்து இவ்விடம் எட்டு மீல் என அரபு எழுத்தில் அறிவிக்கும் கல் அவற்றுள் ஒன்று. நம் பக்கத்தில் தருமபுரியை எடுத்துக்கொண்டால், சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல்லொன்று, நாவல்தாவளம் என்னும் இடத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. எழுத்தறியாத வழிப்போக்கனை அக்கல்லை நட்டவர்கள் மறக்கவில்லை. எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் செதுக்கி வைத்தார்கள். பெருங்குழி பத்து, சிறுகுழி ஒன்று. இருட்டில் வரும் வணிகன்கூட விரலால் தடவிப் பார்த்து வழி எவ்வளவென்று அறிந்துகொள்ளலாம்.

ஆகவே தூரக்கல் நமக்குப் புதியதன்று. வெள்ளையர் மைலுக்கு ஒரு கல் நட்ட காலத்திலும் நம் மக்கள் அந்த அளவையைத் தமக்கென்று ஆக்கிக்கொண்டார்கள். "அந்த ஊர் இரண்டு கல் இருக்கும்" என்றார்கள். மைலை விட்டுவிட்டுக் கல்லையே அளவையாக்கிய அந்தச் சொல்லாட்சியில் ஒரு தெளிவு இருந்தது. நடப்பவன் கண்ணால் எண்ணக்கூடியது கல்தானே! 1956ஆம் ஆண்டில் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறி, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் சாலையோரக் கற்களும் மாறின. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே மாதனூரைக் கடந்து செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நிற்பவை மஞ்சள் தலையணிந்த கிலோமீட்டர்க் கற்களே. மைல் சாலையை விட்டு அகன்றுவிட்டது. நாளேட்டில் மட்டும் குடியிருக்கிறது.

அளவை வழக்கொழிந்தபின்னும் உவமையில் வாழ்வது குற்றமன்று. பழமொழிகள் எல்லாம் அப்படித்தான் வாழ்கின்றன. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தூரக்கல் யாரையும் பாராட்டுவதில்லை. இவ்வளவு வந்தாய், இன்னும் இவ்வளவு போக வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னொரு கல்லும் பின்னொரு கல்லும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாலை ஒன்று இருக்க வேண்டும். எங்கிருந்து புறப்பட்டோம், எங்கே போகிறோம் என்னும் கணக்கே இல்லாதவர்கள் ஆளுக்கொரு மைல்கல் நட்டுக்கொள்வது, வயல் நடுவே கலங்கரை விளக்கம் கட்டுவதைப் போன்றது. 'சிறப்பான பணி' என்று எழுத வேண்டிய இடத்தில் அப்படியே எழுதினால் யாருக்கும் இழப்பில்லை.

இனி ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றை அவற்றின் கணக்கோடு பார்ப்போம். ஒருவனுக்கு அங்குலம் கொடுத்தால் மைலையே எடுத்துக்கொள்வான் என்பது அவர்களுடைய பழமொழி. 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலில் மைல் இல்லை; 'எல்' என்னும் துணி அளவைதான் இருக்கிறது. ஆங்கில 'எல்' 45 அங்குலம். அங்குலம் கேட்டவன் 45 அங்குலத்தைச் சுருட்டிக்கொண்டான் என்பது துணிக்கடையில் நடக்கக்கூடிய செய்தி. 'எல்' வழக்கிழந்தபோது அவ்விடத்தில் மைல் வந்து அமர்ந்தது. மைலுக்கு 63,360 அங்குலம். பேராசைக்காரனின் கை ஒரே தாவலில் இவ்வளவு நீண்டுவிட்டது! நூலிழையில் தவறினாலும் தவறியது மைல் அளவு தவறியதற்குச் சமம் என்னும் மற்றொரு பழமொழியிலும் முன்பு அங்குலமும் 'எல்'லும்தான் இருந்தன.

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கென விற்கப்படும் வழிகாட்டி நூல்களில் முதற் பழமொழிக்கு, "அங்குலம் கொடுத்தால் மைல் கேட்பான்" என்பது போன்ற தமிழ் காணக் கிடைக்கிறது. இதைப் படித்த நம் பிள்ளைகள் தேர்விலும் அப்படியே எழுதுகிறார்கள். வீட்டில் பாட்டியார் நாளைக்கு இரண்டு முறை, "இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்" என்று சொல்வது அந்தப் பிள்ளையின் காதில் விழாமலா இருக்கிறது? விழுகிறது. ஆனால் அது வீட்டுச் சொல், இது பள்ளிச் சொல் என்று இரண்டு பெட்டிகளில் பூட்டி வைக்கப் பழக்கிவிட்டோம். இரண்டாம் பழமொழிக்கு நேரான தமிழும் உண்டு. வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன? எல்லையைக் கடந்தபின் அளவைகள் செல்லா என்னும் அதே கருத்தை, மூழ்குகிறவனின் தலைக்கு மேலேயே நிறுத்திக் காட்டுகிறது இது.

கணக்கில் தமிழின் அடக்கமும் கவனிக்கத்தக்கது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. முழம் என்பது இரண்டு சாண். ஏறியது ஒன்று, இறங்கியது இரண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு சாண் நட்டம். உயர்வு நவிற்சி துளியும் இல்லை. கடன்பட்ட குடும்பத்தின் வரவுசெலவு ஏடு போலக் கணக்கு நேராக இருப்பதனாலேயே அது நெஞ்சைத் தொடுகிறது.

இந்தச் சாணும் முழமும் எங்கிருந்து வந்தன? உடம்பிலிருந்து. தமிழ்க் கணக்கு வாய்பாட்டில் எட்டு நெல் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு கோல். ஐந்நூறு கோல் ஒரு கூப்பீடு. நான்கு கூப்பீடு ஒரு காதம். 'கூப்பிடு தூரம்' என்று நாம் ஏதோ பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஒரு காலத்தில் கணக்கிட்ட அளவையாக இருந்தது. முழம் ஒன்றரை அடியென்றால் கூப்பீடு மூவாயிரம் அடி, அரை மைலுக்கும் மேல். அத்தனை தொலைவு கேட்கும்படி கூப்பிட்ட அக்காலத்துத் தொண்டையை வியப்பதா, அக்காலத்து அமைதியை வியப்பதா? காதத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறிற்று. இவ்வாய்பாட்டின்படி அது இரண்டேகால் மைல். பத்து மைல் என்று கொள்ளும் வழக்கும் இருந்தது. பழமொழிக்கு இந்த வேறுபாட்டால் ஒரு குறையும் வரவில்லை. எண்சாண் உடம்பு என்கிறோமே, அது எவர் சாண்? அவரவர் சாண்தான். அரசனாயினும் ஆண்டியாயினும் அவரவர் கையால் அவரவர் உடம்பு எட்டுச் சாண்.

அரபியில் ஃபிக்ஹு நூல்களும் இதே வழியில் செல்கின்றன. பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்குரிய தூரத்தை விளக்கும் இடத்தில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் 48 மீல், அதாவது 16 ஃபர்ஸக் என்பார்கள். அந்த மீலை எதனால் அளப்பது என்னும் கேள்விக்கு இமாம் நவவீ (ரஹ்) தரும் விளக்கத்தில், மீல் ஆறாயிரம் திராஉ. திராஉ இருபத்து நான்கு விரல். விரல் என்பது பக்கம் பக்கமாக அடுக்கிய ஆறு வாற்கோதுமை மணி. நாலாயிரம் திராஉ என்று கொண்டவர்களும் உண்டு. ஹனஃபிகள் மூலக் கணக்கை மூன்று நாள் நடைப்பயணம் என்றே வைத்தார்கள். மைல் கணக்கு பின்னர் வந்தது.

வாற்கோதுமை என்றதும் நம் தோல் வட்டாரத்து வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். இடைக்கால இங்கிலாந்திலும் அங்குலம் என்பது நீளவாட்டில் அடுக்கிய மூன்று வாற்கோதுமை மணிகளே. அந்த மணி இன்றும் ஆம்பூரில் புழங்குகிறது! ஆங்கில அளவுப்படி செய்யும் பாதணியில் ஏழாம் எண்ணுக்கும் எட்டாம் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை. டேனரியிலிருந்து வெளிவரும் தோலோ மெட்ரிக் சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சதுர அடியில்தான் விலைபோகிறது. ஆக, நாம் எந்த மொழியில் பேசினாலும் காலையும் கையையும் தானிய மணியையும் விட்டு விலகிவிடவில்லை. சந்தையில் பூக்காரர் தம் முழங்கையால் அளக்கும் மல்லிகையும் அப்படியே. முழம் குட்டை என்று வாங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள். கிலோமீட்டரோடும் சென்டிமீட்டரோடும் யாரும் அப்படி உறவாடியதில்லை. அவற்றை வைத்து ஒரு பழமொழியும் பிறக்கவில்லை.

மேலே கண்ட இரு வாய்பாடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழ் முழத்துக்கு விரல் இருபத்து நான்கு. அரபுத் திராஉக்கும் விரல் இருபத்து நான்கு. 'ஷிப்ர்' என்பது விரித்த கையின் கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரை, அதுவே சாண். 'பாஉ' என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நின்றால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை. நான்கு திராஉ என்று உரையாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். கடலாழம் அளந்த நம் கடற்கரை ஊரார் இதைப் 'பாகம்' என்றனர். அதுவும் நான்கு முழம். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்குமா? சொல்லுக்குச் சொல் மட்டுமன்று, விரலுக்கு விரல் பொருந்துகிறது.

இந்தக் கொடையை நாம் என்ன செய்தோம்? புகாரீயிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) வாயிலாக வரும் ஹதீஸ் குதுஸீ ஒன்றை அன்பர்கள் அறிவார்கள். அடியான் தன்னை ஒரு சாண் நெருங்கினால் தான் அவனை ஒரு முழம் நெருங்குவதாகவும், அவன் ஒரு முழம் நெருங்கினால் தான் ஒரு பாகம் நெருங்குவதாகவும், அவன் நடந்து வந்தால் தான் விரைந்து வருவதாகவும் இறைவன் கூறுவதாக அதன் கருத்து அமைகிறது. மேடைகளில் இது எவ்வாறு சொல்லப்படுகிறது? "நீ ஓரடி எடுத்து வைத்தால் இறைவன் பத்தடி எடுத்து வைக்கிறான்!" கேட்போர் தலையசைக்கிறார்கள். பேச்சாளருக்குத் தம் சொல் எடுபட்டது என்னும் நிறைவு. ஆனால் போனது எவ்வளவு என்று பாருங்கள். மூலத்தில் அளவு படிப்படியாக வளர்கிறது. சாணுக்கு முழம் கொடுப்பது இருமடங்கு. முழத்துக்குப் பாகம் கொடுப்பது நான்கு மடங்கு. அடுத்த நிலையில் அளவையே உதிர்ந்துபோய் நடையும் ஓட்டமும் மட்டும் நிற்கின்றன. அதற்கு மடங்கு சொல்ல முடியாது. நெருங்க நெருங்கக் கொடை பெருகிக்கொண்டே போய், இறுதியில் கணக்கைக் கடந்துவிடுகிறது. 'பத்தடி' என்று சொன்ன கணத்தில் இந்த ஏற்றம் முழுவதும் தரைமட்டமாகி, நிலையான வட்டி விகிதம் போன்ற ஒன்று மிஞ்சுகிறது.

போனது கணக்கு மட்டுமா? சாண் என்பது விரிந்த ஓர் உள்ளங்கை. முழம் நீட்டிய முன்கை. பாகம் என்பது அணைக்க வருபவர் விரிக்கும் இரு கைகள். அடியான் கையை மெல்ல விரிக்கிறான்; எதிரே வருவது இரு கரம் விரித்த வரவேற்பு. இறைவனுக்குக் கையும் நடையும் நம்மவை போன்றன என்று எவரும் கொள்ளக்கூடாது என்பதையும், நெருக்கம் என்பது அவன் அருளின் நெருக்கம் என்பதையும் இமாம் நவவீ தெளிவாக எழுதியுள்ளார்கள். உவமை என்றே கொண்டாலும் உவமைக்கு ஓர் உருவம் உண்டு. அந்த உருவத்தைச் சிதைத்துவிட்டுக் கருத்தை மட்டும் கொண்டுவந்துவிட்டேன் என்பது, பாத்திரத்தை உடைத்துவிட்டுத் தண்ணீரைக் கையில் ஏந்தி வந்தேன் என்பது போலாகும்.

அநியாயமாக ஒரு சாண் நிலத்தைப் பறித்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என்னும் எச்சரிக்கையும் அவ்விரு நூல்களில் வருகிறது. இதைச் 'சிறிதளவு நிலம்' என்று பெயர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரப்புத் தகராற்றில் ஆண்டுக்கணக்காக நீதிமன்ற வாசலில் நிற்கும் இரு அண்ணன் தம்பிகளிடம் போய்ச் சிறிதளவு என்று சொல்லிப் பாருங்கள். இருவரும் ஒப்புக்கொள்வார்கள், ஏனெனில் தம் கையில் இருப்பது சிறிதளவு என்று இருவருமே கருதுவதில்லை. சாண் என்று சொன்னால் அவரவர் தம் கையையே பார்க்க நேரும். வரப்பைக் கள்ளத்தனமாக நகர்த்திய கை அதுவல்லவா?

அளவையை மாற்றவே கூடாது என்பது என் வாதமன்று. மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. டால்ஸ்டாய் 1886இல் எழுதிய, மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்னும் கதையை நம்மில் பலர் படித்திருப்போம். ஓடி ஓடி நிலத்தை வளைத்த குடியானவனுக்கு இறுதியில் தேவைப்பட்ட இடம், ருஷ்ய மூலத்தில் மூன்று 'அர்ஷின்'. அர்ஷின் 28 அங்குலமாதலின் மூன்றுக்கு ஏழடி வரும். லூயிஸ் மோட், எய்ல்மர் மோட் இணையரின் ஆங்கிலப் பெயர்ப்பில் அது ஆறடி ஆயிற்று. ஓரடி குறைந்ததே என்று அளவுகோல் கொண்டு வந்து நிற்பவன் இலக்கியம் அறியாதவன். தலையிலிருந்து கால்வரை கிடத்தும் இடம் என்பதே அங்கே அளவை. ஆங்கிலேயர் நாவில் அதற்கு ஆறடி என்றே பெயர். தமிழிலும் 'ஆறடி நிலம்' என்றால் குழந்தைக்கும் விளங்கும். இங்கே எண் மாறியும் உடம்பு மாறவில்லை. நம் மேடைப் பேச்சிலோ அடி என்னும் உடம்புச் சொல்லையே வைத்துக்கொண்டும் உடம்பைத் தொலைத்தோம்.

கடைசியாக, அண்மையில் வந்து சேர்ந்த ஒரு தொடரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 'கூடுதல் மைல் நடத்தல்' என்பது அது. தொழிற்கூடங்களின் சுவர்களிலும், வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கான பயிற்சி வகுப்புகளிலும் இப்போது அடிக்கடி தென்படுகிறது. கடமைக்கு மேலும் உழைத்தல் என்பது இதற்கு அவர்கள் தரும் பொருள். இதன் வேர் கிறித்தவர்களின் வேதத்தில், மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் 41ஆம் வசனத்தில் இருக்கிறது. உரோமர் ஆண்ட நாடுகளில் படையினர் வழியில் போகிறவனைப் பிடித்துச் சுமை தூக்க வைக்கலாம். அந்தக் கட்டாய வேலைக்கு வழங்கிய கிரேக்கச் சொல், பாரசீகத்தின் அரசாங்க அஞ்சல் ஏற்பாட்டிலிருந்து வந்தது என்பர். அப்படி ஒரு மைல் வரும்படி வற்புறுத்தப்பட்டவனை இன்னொரு மைலும் உடன் செல்லும்படி ஈஸா (அலை) அவர்கள் கூறியதாக அங்கே வருகிறது. முதல் மைல் அதிகாரம் பிடுங்கியது. இரண்டாம் மைல் அந்த ஏழை தானாக மனமுவந்து அளிப்பது. அவன் அளிப்பதால்தான் அதற்குப் பெருமை. அக்கணத்தில் சுமந்தவன் உயர்ந்து, சுமக்க வைத்தவன் நாணுகிறான்.

சுவரில் எழுதப்பட்ட தொடரிலோ இரண்டாம் மைலைக் கேட்பவர் சுமை ஏற்றியவரேதான்! கேட்டுப் பெற்றுவிட்டால் அது இரண்டாம் மைல் ஆகாது; முதல் மைல் நீண்டுவிட்டது என்றுதான் பொருள். அங்குலம் கொடுத்தால் மைலை எடுத்துக்கொள்வான் என்னும் பழமொழியையும் இதையும் அதே ஆங்கிலத்திலிருந்து பெற்றுக்கொண்ட நாம், முன்னதைத் தொழிலாளிக்கும் பின்னதை முதலாளிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம் போலும்.

இத்தொடரைத் தமிழில் அழகாக எழுதித் தரும்படி, பாதணித் தொழிற்கூடம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். மிகைநேர வேலைக்கு வழக்கமான கூலியைப் போல் இருமடங்கு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்திருந்தது என் நினைவுக்கு வந்தது. "இரண்டாம் மைலுக்கு இரட்டைக் கூலி" என்று எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் அது இன்னும் ஏறவில்லை.